‘தாழ்ந்த மொழிகள்’ என்று ஓர் அட்டை

“எது சார் தாழ்ந்த மொழி?”

கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் என் மேஜை முன் நின்றார்கள். கேட்டவர் சுப்பையா. அறுபதுகளின் பிற்பகுதி. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறாமல், மொழி என்ற சொல்லைப் புதுக்கோட்டையில் யாரும் சாதாரணமாகச் சொல்லாத காலம். கிளை நூலகத்தில் நான் தற்காலிக நூலகர். மறுநாள் திருச்சியிலிருந்து அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். அவர் எழுதும் குறிப்பை வைத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும்.

திருமயம் பக்கத்து வணிகர் ஒருவர், பம்பாயில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த தம் மகனின் புத்தகங்கள் ஆறைக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். தலைப்பில் ‘லாங்குவேஜ்’ என்று இருந்ததால் மொழிப் பிரிவில் வைத்தேன். ஒரு புத்தகம் கம்ப்யூட்டருக்கான மொழிகளை ஹை லெவல், லோ லெவல் என்று அடுக்கியிருந்தது. அந்த ஒழுங்கு பிடித்துப்போய், ஓர் அட்டையில் தமிழில் எழுதி அலமாரியில் மாட்டினேன். மேலே ‘உயர்ந்த மொழிகள்: ஃபார்ட்ரான், கோபால்’. COBOL என்பதை அப்படித்தான் வாசித்தேன். கீழே ‘தாழ்ந்த மொழிகள்’. அந்த வகைக்குப் புத்தகம் வராததால் பெயர் எதுவும் எழுதவில்லை. அதற்கு நேர் கீழே தமிழ் இலக்கண வரிசை இருந்தது.

“கோபால்னு ஒரு மொழியாம்ல. யாரு வீட்டுக் கோபாலு?” என்றார் இன்னொரு மாணவர். சுப்பையா சிரிக்கவில்லை.

“கழட்டிடுறேன் தம்பி.”

“எதுக்கு சார்? ஆபீசரே பாக்கட்டும். நாங்களும் வாரோம்.”

அவர்கள் போனதும் புத்தகத்தைத் திறந்தேன். ஒரே பக்கத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. ‘லோ’ என்றால் இயந்திரத்துக்கு நெருங்கியது. ‘ஹை’ என்றால் மனிதர் எழுதும் முறைக்கு நெருங்கியது. மேன்மையும் இல்லை, கீழ்மையும் இல்லை. ஆறு புத்தகங்களையும் கணிதப் பிரிவுக்கு மாற்றி, ‘இயந்திரத்துக்கு நெருங்கியவை, மனிதருக்கு நெருங்கியவை’ என்று புது அட்டை எழுதினேன்.

காலையில் மாணவர்கள் முதலில் வந்தார்கள். பழைய அட்டையைச் சுப்பையாவிடம் நீட்டினேன். “தப்பா எழுதினது நான்தான் தம்பி. ஆபீசர்கிட்ட நீங்களே குடுக்கலாம்.” அவர் புது அட்டையை இரண்டு முறை படித்தார். பழையதை வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அதிகாரி கணிதப் பிரிவில் நின்றுவிட்டார். “என்னய்யா, லாங்குவேஜ்னு போட்டிருக்கு, கணக்குல வச்சிருக்கீங்க? மொழியில வைங்க.”

சுப்பையா நோட்டைத் திறக்காமலே முன்னால் வந்தார்.

“அங்கிட்டு வேணாம் சார். இது மிஷினுக்கு எழுதுறது. கணக்குதான் சரி.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ‘வகைப்பாடு திருத்தப்பட வேண்டும்’ என்று குறிப்பு எழுதினார். என் நிரந்தரம் ஓராண்டு தள்ளிப்போனது. புத்தகங்களை நான் மாற்றவில்லை.

இளம் நூலகர்களே, தலைப்பைப் பார்த்து வகுக்காதீர்கள். ஒரு வகைக்குப் பெயர் வைத்தால், மாட்டுமுன் வாசகர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள்.