குழாய்க்குப் போட்ட அப்பளம்

எங்கள் அம்மா போட்ட அரிசி அப்பளத்தை ஓர் எவர்சில்வர் குழாய் தின்றது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. நான் பொய் சொல்லக்கூடிய பிள்ளைதான். ஆனால் அன்று சொன்னது சத்தியமாக உண்மை.

குழாய் மாமாவுடையது. மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. சாயப்பட்டறைகளில் துணியும் சாயத்தண்ணீரும் ஓடுகிற குழாய்களுக்கு வெல்டிங் வைப்பது அவர் தொழில். அவிநாசிபாளையத்தில் ரோட்டோரம் எங்கள் வீடு. அந்தப் பக்கம் வண்டியில் போனால் மாமா ஹாரன் அடிக்காமல் போகவே மாட்டார். அந்த வருடம் ஹாரன் சத்தம் நின்றுபோனது. காரணம் என் காது.

காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். குலதெய்வக் கோயிலுக்குச் சொந்தபந்தமெல்லாம் வந்துவிட்டது, மாமாவைத் தவிர. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்தினார். மாமன் முறை வருகிற யாரோ ஒருவர் மடியில் என்னை உட்காரவைத்துக் குத்தினார்கள். அவர் மேலெல்லாம் மூக்குப்பொடி வாசம். நான் வலியில் அழுதேனா, தும்மித் தும்மி அழுதேனா என்று இன்றுவரை தெரியாது. அம்மா அழவில்லை. புகுந்த வீட்டார் முன்னால் தம்பி தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டான், இனி அவன் இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

மாமா வராததற்கும் ஒரு குழாய்தான் காரணம். எவர்சில்வரை வெளியிலிருந்து உருக்கி ஒட்டும்போது உள்பக்கம் காற்றுப் பட்டால் கருகிவிடும். அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி சொரசொரப்பாகிவிடும். நேற்றைய சாயம் அதில் தங்கி இன்றைய துணியைக் கெடுக்கும். அதனால் குழாய்க்குள் ஆர்கான் கேஸை நிரப்பிக் காற்றை விரட்டிவிட்டுத்தான் வெல்டிங் வைக்க வேண்டும். கேஸ் ஓடிப்போகாமல் நிற்க, ஒட்டுகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ளே அடைப்பு வேண்டும். மாமா பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி அடைப்பார், வேலை முடிந்ததும் அதில் கட்டிவைத்த கயிற்றைப் பிடித்து இழுத்துவிடுவார். எங்கள் ஊர்ப்பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைப்பது அதுதானே. காதுகுத்துக்கு முந்தின நாள் ஒரு சிவப்புத் துணி உள்ளேயே நின்றுவிட்டது. வெள்ளையாக வரவேண்டிய துணியெல்லாம் ரோஸ் நிறத்தில் வந்தது. குழாயை அறுத்துச் சரிசெய்து தரும்வரை பட்டறைக்காரர் மாமாவை வெளியே விடவில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. "என்ற புள்ள காதை விட அவனுக்குக் கொழாய் பெருசாப் போச்சு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

அடுத்த பங்குனி வெயிலில் ஒருநாள் ரோட்டோர வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு மாமா என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு சாண் குழாய்த் துண்டு.

"கண்ணு, உங்கம்மாகிட்டச் சொல்லு. கொழாயை அடைக்கறதுக்கு அரிசி அப்பளம் வேணுமாம். சுடுதண்ணி உட்டா அதுவே கரைஞ்சு போயிருமாம். இனித் துணி நிக்கற பேச்சே இல்லியாம்."

கதவுக்குப் பின்னால் நின்று அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் நான் போய் முழுவதையும் ஒப்பிக்கும்வரை முகத்தில் எதையும் காட்டவில்லை. டப்பாவில் இருப்பதை எடுத்துப்போகச் சொல்லு என்றாள். உப்பு பட்டால் எவர்சில்வரையே அரித்துவிடும், உப்பில்லாமல் புதிதாகப் போட வேண்டும் என்று மாமாவிடமிருந்து பதில் கொண்டுவந்தேன்.

"உப்பில்லாத அப்பளத்தைத் திங்கற வாய் எங்க இருக்குது?" என்று அம்மா என்னைக் கேட்டாள். மாமா கொடுத்தனுப்பிய குழாயின் வாயைக் காட்டினேன்.

முணுமுணுத்துக்கொண்டே மாவைக் கரைத்துத் தட்டில் ஊற்றி, ஆவியில் வேகவைத்து, உரித்துக் காயப்போட்டாள். பாதி காய்ந்ததும் அந்தக் குழாய்த் துண்டை வைத்து அழுத்தி வட்டவட்டமாக வெட்டினாள்.

மறுநாள் மாமா வந்தார். "காஞ்சுதான்னு கேளு கண்ணு." உள்ளேயிருந்து அம்மா, "இன்னும் ஈரமா இருக்குதுன்னு சொல்லு." அதற்கடுத்த நாளும் வந்தார், அதே பதில். வேப்பமரத்தடியில் நின்றவர் மெல்ல வாசல் நிழலுக்கு வந்தார், பிறகு படியில் உட்கார்ந்தார். அம்மா என் கையில் மோர் கொடுத்தனுப்பினாள். இந்தத் தூது வேலையில் எனக்கு வாய் ஓயாமல் மிட்டாய் கிடைத்தது. அப்பளம் காயவே கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

அப்படியொரு நாள் மாமாவின் பையைக் குடைந்தபோது வழவழப்பான வெள்ளைத் தாள்கள் கிடைத்தன. ஒன்றில் மயில் வரைந்தேன். மோர் சிந்தியதும் மயில், தாள் எல்லாம் கையிலேயே கூழாகிவிட்டது. மந்திரத் தாள், யாரிடமாவது சொன்னால் மந்திரம் போய்விடும் என்று சொல்லி மாமா அவசரமாகப் பையை மூடினார். கூழ்க் கையைக் கழுவ நான் அம்மாவிடம் ஓடினேன்.

கடைசியில் அப்பளம் காய்ந்தது. மாமா மெஷினையும் சிலிண்டரையும் எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தார். இரண்டு துண்டுக் குழாய்களுக்குள்ளும் மைதாப் பசையில் அப்பளத்தை ஒட்டினார், கேஸை விட்டுக் காத்திருந்தார், எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு வெல்டிங் வைத்தார். ஆறியபின் அம்மாவே அடுப்பிலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அப்பளம் கரைந்து கஞ்சியாக வெளியே வந்தது. குழாயை வெளிச்சத்தில் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அம்மா உள்ளே பார்த்தாள். கருகலே இல்லை, வெள்ளிக் கம்பி வைத்தது மாதிரி பளபளவென்று இருந்தது. குழாயை இறக்கியவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நேராக மாமாவைப் பார்த்தாள்.

"ஏண்டா இப்படி எளைச்சுப் போயிட்ட? உள்ள வா, சோறுண்டுட்டுப் போ."

சாப்பிட்டபின் மாமா என்னை மடியில் உட்காரவைத்து என் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எப்போதோ குத்திய காதில் என்ன இருக்கிறது என்று நான் நெளிந்தேன்.

இப்போது நான் ஒரு சாயப்பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். போன மாதம் வெல்டிங் சாமானோடு ஒரு கட்டு வெள்ளைத் தாள் வந்தது. குழாயை உள்ளே அடைப்பதற்கு, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், ரொம்ப வருடமாகவே கடையில் கிடைக்கிறது என்றார் வெல்டர். ஒரு தாளை நனைத்துப் பார்த்தேன். என் மயிலைக் கரைத்த அதே தாள். அப்படியானால் மாமாவுக்கு அப்பளமே தேவைப்பட்டிருக்கவில்லை. தேவையில்லாத ஒன்றுக்காக அந்த வெயிலில் வந்து நின்றிருக்கிறார். என் சீருக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் நின்று செய்ய எனக்கு ஒரு மாமா கிடைத்தது அதனால்தான். ஸ்டோர்ஸில் உட்கார்ந்துகொண்டே அந்த மனிதரை மனதாரக் கும்பிட்டேன்.

சாயந்தரம் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ கையெல்லாம் கூழாக்கிட்டு வந்து நின்னியே, அன்னிக்கே தெரியுங் கண்ணு. பங்குனி வெய்யில்ல அரிசி அப்பளம் ஒரே பொழுதுல காஞ்சிராதா?"

'இன்னும் ஈரமா இருக்குது' என்று நான் தினமும் சுமந்துபோன சேதிக்கு 'நாளைக்கும் வா' என்று அர்த்தம். சொன்னவளுக்கும் தெரிந்திருக்கிறது, கேட்டவருக்கும் புரிந்திருக்கிறது. நடுவில் மிட்டாய் தின்றுகொண்டே நடந்த எனக்குத்தான் புரியவில்லை.