அன்று கடல் அமைதியாக இருந்தது

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை மணல்திட்டில் தட்டாமல் உள்ளே கொண்டுவருவதும், திரும்ப வெளிக்கடலில் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. பைலட் என்பார்கள். சின்ன நாடு, ஒரே துறைமுகம். கோதுமையும் டீசலும் மருந்தும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். தங்கை வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தார். கப்பலை வெளியே விட்டபின் அவரைக் கரைக்கு அழைத்துவரும் படகை ஓட்டியவர் தங்கை கணவர். அவருக்கு வாய் சும்மா இருக்காது. இரண்டு வல்லரசுகளின் போர்க்கப்பல்களும் அங்கே மாறிமாறி வந்து நிற்கும். ஒருவருக்கு இடம் கொடுத்தால் மற்றவருக்கு முகம் சுருங்கும் என்பதால் அரசாங்கம் இரண்டு பக்கமும் அளந்து சிரித்தது.

"மச்சான், இந்த வாரம் மூத்த மாமியாரா, இளைய மாமியாரா?" என்று மாப்பிள்ளை கேட்பார். துறைமுகம் முழுக்க அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூத்த மாமியாரின் கப்பல் புறப்பட்டது. "நான் இறங்கிப் படகு விலகுற வரைக்கும் திருப்பாதீங்க" என்று கேப்டனிடம் சொல்லிவிட்டுப் பைலட் கயிற்றேணிக்கு வந்தார். கீழே மாப்பிள்ளையின் படகு கப்பலை ஒட்டி வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு என்ன அவசரமோ, கப்பல் வேகம் பிடித்துத் திரும்பியது. படகு அதனடியில் இழுபட்டுக் கவிழ்ந்தது. ஏணியின் மேல்படியில் நின்றபடி பைலட் எல்லாவற்றையும் பார்த்தார். மாப்பிள்ளையின் உடல் மறுநாள்தான் கிடைத்தது.

மூன்றாம் நாள், வெளியுறவுத் துறை அதிகாரி ஓர் அறிக்கையோடு வந்தார். பலத்த காற்று, கொந்தளிப்பு, படகோட்டியின் கவனக்குறைவு என்று தட்டச்சு செய்திருந்தது.

"செத்தது என் தங்கச்சி புருஷன் சார்."

"தெரியும்ணே. அதனாலதான் உங்க கையெழுத்து வேணும். நீங்களே சொல்லிட்டா வேற யாரும் கிளற மாட்டாங்க." அதிகாரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "கிடங்குல பத்து நாளைக்குத்தான் கோதுமை இருக்கு. அடுத்த கப்பல் அவங்களோடது. நாம அவங்களோட மோதி நிக்க முடியுமா?"

பைலட் கையெழுத்துப் போட்டார். கோதுமை வந்தது. அந்தக் கப்பலை உள்ளே கொண்டுவந்தவரும் அவரே.

அறிக்கை பத்திரிகையில் வந்த அன்று தங்கை கேட்டாள். "அண்ணா, அன்னைக்குக் கடல் எப்படி இருந்துச்சு?"

"காத்து கொஞ்சம்..."

"நான் மொட்டை மாடியில துணி காயப்போட்டுட்டிருந்தேன். கிளிப்புகூட மாட்டலை. ஒரு துணியும் அசையலை."

அதன்பின் அவள் அண்ணன் தட்டில் சோறு வைப்பாள், பேச மாட்டாள்.

நாலு மாதம் கழித்து, இளைய மாமியாரின் தூதரகத்தில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். "உண்மையை எங்க டிவியில சொல்லுங்க. உங்க தங்கச்சி பொண்ணு படிப்பை நாங்க பாத்துக்கிறோம்."

சமையலறை வாசலில் நின்ற தங்கை முன்னால் வந்தாள். "உங்க கப்பல் எங்க வீட்டுக்காரரை இடிச்சிருந்தா, அப்பவும் டிவியில சொல்லச் சொல்வீங்களா?"

கூடையை வந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவர் போனதும் அண்ணனிடம் சொன்னாள்: "உண்மையைச் சொல்லுன்னுதான் கேட்டேன். ஒருத்தன் இன்னொருத்தனை அடிக்கக் கம்பு எடுத்துக் குடுக்கச் சொல்லலை."

மறுநாள் பைலட், விபத்து நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் கைப்பட எழுதி அந்த வெளியுறவுத் துறை அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "இதை வெளியே விட முடியாதுண்ணே. கிழிக்கவும் மாட்டேன்." காகிதம் ஏதோ ஒரு கோப்புக்குள் போனது. அடுத்த வாரம் முதல் பைலட்டுக்குக் கப்பல் இல்லை. ஓய்வு பெறும்வரை மூன்று வருஷம், மேசையில் உட்கார்ந்து கடல்மட்டத்தின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார்.

எழுதியதன் நகலைத் தங்கையிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்து, மகளிடம் நீட்டினாள். "படிச்சுப் பாரு. உங்கப்பா மேல ஒரு தப்பும் இல்லை." அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள். அந்த மாதமே அவர் துறைமுகக் குடியிருப்புக்குப் போய்விட்டார். இரு என்று யாரும் தடுக்கவில்லை.

தங்கை மகளின் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தங்கை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்தாள். "சாப்பிட்டியாண்ணா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பிவிட்டாள்.