மூன்று அண்ணன்மாரும் ஷர்மிளாவின் கதையும்

அறிவியல் புனைகதை எழுதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "இங்கிலீஷ் அறிவியல் புனைகதை இதழ்கள்ல ‘பிக் த்ரீ’னு சொல்றாங்களே, அது எது?" விளக்கம் எழுத உட்கார்ந்தேன். விரல் தானாக ‘அண்ணன்மார்’ என்று தட்டியது.

எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. இன்றும் மல்லிகை மணந்தால் எனக்கு விண்கலம்தான் ஞாபகம் வருகிறது, என்ன செய்ய. முன்னணி இதழ்கள் மூன்றும் பல மாதம் பிந்தி அங்கே வரும். ‘பிக் த்ரீ’ உலகம் வைத்த பெயர். எங்களுக்கு அவை பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். இணையத்தில் மட்டும் வருபவை எல்லாம் தம்பிகள்.

பெயரோடு விட்டிருக்கலாம். நண்பன் முகிலன் சட்டமும் போட்டான். வீட்டில் மூத்தவன் இருக்க இளையவனுக்குப் பெண் பார்ப்பதில்லை அல்லவா? நாங்கள் எழுதி அனுப்பும் கதையும் அப்படித்தான். முதலில் பெரியண்ணனுக்கு, அவர் மறுத்தால்தான் அடுத்தவருக்கு. நாங்களும் பயபக்தியோடு வரிசைப்படி மறுக்கப்பட்டோம்.

எங்களில் ஷர்மிளாவின் கதை மட்டும் நல்ல கதை. அதில் செந்தூல் ரயில் பட்டறையில் விண்கலத்துக்கு பிரேக் மாற்றுவார்கள். அவள் அப்பா ரயில்வேக்காரர். அவர் ஓய்வு பெறும் நாளில், வெளிவந்த கதையைக் கையில் கொடுக்க ஆசைப்பட்டாள். பெரியண்ணனிடமிருந்து மாதக்கணக்கில் மூச்சே இல்லை.

ஒருநாள் நாங்கள் ரொட்டி சாப்பிடும் மாமாக் உணவுக் கடையில் சொன்னாள்: "பெரியண்ணன்கிட்டேருந்து கதையத் திரும்ப வாங்கிட்டேன். ஒரு தம்பிக்குக் குடுத்தேன், சரின்னுட்டாங்க."

முகிலன் ரொட்டியைக் கீழே வைத்தான். "அண்ணன் மூணு பேர் இருக்கறப்ப தம்பியா?"

"உங்கண்ணன் சரி சொல்றதுக்குள்ள எங்கப்பாவோட பேரனே ரிட்டயர் ஆயிடுவான் லா."

"பிரிண்ட்ல வராதது ஒரு கதையா?"

"வீட்ல பிரிண்டர் இருக்கு, பாஸ்."

பக்கத்து மேசை அங்கிளுக்குப் பொறுக்கவில்லை. "புடிச்சவனையே கட்டிக்கட்டும், விடுங்கப்பா."

அச்செடுத்துத்தான் கொடுத்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாராம்: "பிரேக் சரியாதான் மாத்தியிருக்க."

அந்தப் புத்தகக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். அந்தத் தம்பியின் இணையப் பக்கமும் திறப்பதில்லை. என் நீண்ட விளக்கத்துக்குக் கீழே, ரவாங்கில் வேலை பார்க்கும் ஷர்மிளா மாணவிக்கு எழுதினாள்: "கதை இருந்தா மொதல்ல தம்பிக்கு அனுப்பும்மா."

முகிலன் பாய்ந்து வருவான் என்று காத்திருந்தேன். வந்தது ஒரு கட்டைவிரல் படம். அண்ணன்மாருக்காகச் சண்டை போட இப்போது ஒருத்தனும் இல்லை.