மைமூனுக்கு ஆகாதவை

முதலில் முட்டை போனது. கம்பம் ஊரில் தேங்காய் மண்டி வைத்திருந்த அபுபக்கரின் மனைவி அக்தர் பேகம், ஒன்றரை வயது மகள் மைமூனுக்கு அவித்த முட்டை ஊட்டிய அன்று குழந்தையின் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துப்போனது. பிறகு மீன், நிலக்கடலை, கத்தரிக்காய். ஆட்டுக்கறி தின்ற மறுநாள் சொறிந்தாள் என்று கறியும் நின்றது. அது கறியாலா கொசுக்கடியாலா என்று யாரும் பார்க்கவில்லை. பயந்துபோன அக்தருக்கு நிறுத்துவதுதான் எளிதாக இருந்தது.

நான்கு வயதில் மைமூனுக்கு மிஞ்சியது அரிசிக்கஞ்சியும் நீர்மோரும். முழங்காலில் சிராய்த்தால் ஆற ஒரு மாதம் ஆனது. முடி சீப்போடு வந்தது. இவ்வளவு நிறுத்தியும் தடிப்பு மட்டும் நிற்கவில்லை. போன வருடம் ஒத்துக்கொண்ட பாசிப்பயறுகூட இந்த வருடம் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அவள் சுவரைச் சுரண்டித் தின்னத் தொடங்கினாள்.

"ஏத்தா அக்தரு, ஒம் மக அடுப்படிச் செவுத்தத் தின்னே தீத்துருவா போலயே. இன்னும் ஒரு மாசம் விட்டா பக்கத்து வீடு தெரியும்," என்றாள் நாத்தனார் அம்சத் பீவி.

"சிரிக்காதீக மதினி. பயறு தின்னா தடிக்குது, காரையத் தின்னா ஒன்னும் செய்யல. நான் என்னத்தக் கண்டேன்?"

1979இல் உத்தமபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். குழந்தையின் கண்ணிமையை இறக்கிப் பார்த்துவிட்டு, என்ன கொடுக்கிறீர்கள் என்று அந்தம்மா கேட்டார். எதையெல்லாம் கொடுப்பதில்லை என்று அக்தர் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ரத்தத்துல இரும்புச்சத்தே இல்லம்மா. துத்தநாகமும் கொறவாத்தான் இருக்கும். அதைப் பார்க்கிற வசதி இங்க இல்ல. இதெல்லாம் கொறைஞ்சா உடம்பைக் காவல் காக்கிற சக்தி தடுமாறிப்போகும். கிருமியை விட்டுட்டுச் சாப்பாட்டோட சண்டைக்குப் போகலாம்னு இப்பச் சிலர் சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியல."

"அப்ப என்ன குடுக்கணும்?"

"கறி, ஈரல், பயறு."

"அதத்தான டாக்டரம்மா நிறுத்தி வச்சிருக்கேன்!"

"முட்டை வேண்டாம், அது நெஜமாவே ஆகல. கறியில நெல்லிக்காய் அளவு ஆரம்பிங்க. வாய் வீங்கினா உடனே தூக்கிட்டு வாங்க."

உடனே என்றால் எப்படி? பஸ் பிடித்து வரவேண்டிய தூரம்.

டானிக் பாட்டிலோடு வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை கறி வாங்கி, வேகவைத்து, அரைத்து உருட்டினாள். மகளின் வாய்வரை கை போனது, திரும்பியது. மறுபடி போனது.

"ஊட்டப்போறியா இல்லையா?" என்றார் அபுபக்கர்.

"நீங்க ஊட்டுங்க."

அவர் உருண்டையைக் கையில் வாங்கினார். குழந்தையைப் பார்த்தார். தட்டிலேயே வைத்துவிட்டு, மண்டியில் லோடு வந்திருக்கும் என்று கிளம்பிப் போய்விட்டார். உருண்டையை அக்தரே தின்றாள். மூன்று வெள்ளிக்கிழமைகள் இதுவே நடந்தது.

நான்காம் வாரம் அம்சத் பீவியின் மகளுக்கு நிக்காஹ். பெரிய சகன் தட்டில் சோறும் கறியும் குவித்து, நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மைமூனை அம்மா மடியோரம் கஞ்சித்தூக்கோடு உட்கார்த்தியிருந்தார்கள். யாரும் கவனிக்காத நேரத்தில் அவள் கை தட்டுக்குள் போய், ஒரு கறித்துண்டு வாய்க்குப் போய்விட்டது.

"ஏத்தா, பிடுங்கு! பிள்ள வாயில கறி!" என்று கத்தினாள் அம்சத் பீவி.

அக்தரின் கை மகளின் தாடைவரை போய் நின்றது. பிடுங்கவும் முடியவில்லை, மெல்லு என்று சொல்லவும் வாய் வரவில்லை. மைமூன் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே மென்று விழுங்கினாள்.

"என்னத்தா இப்படி ஒக்காந்திருக்க?"

"டாக்டரம்மா குடுக்கத்தான் சொன்னாக மதினி," என்றாள் அக்தர்.

சகனை எடுத்துவிட்டார்கள். அடுத்த பந்திக்குப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அக்தர் எழவில்லை, மகளின் சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குக் கீழே லேசாகச் சிவந்திருந்தது. தடிப்பா, தன் விரல் அழுத்திய தடமா என்று அவளுக்குத் தெரியவில்லை. விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.