ஒட்டடை கட்டிய ஆஸ்பத்திரி

நெட்டையாக, ஒல்லியாக இருந்ததால் கட்டடக் கலை வகுப்பில் அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் குச்சி உதிர்ந்து, ஒட்டடை மட்டும் நின்றது. அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபத்தை வேறு காரியங்களுக்குச் சேர்த்து வைத்திருந்தாள்.

இரண்டாம் வருடம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள் வரைந்த படத்தைப் பேராசிரியர் வகுப்புச் சுவரில் ஒட்டி, "பாத்துக் கத்துக்கங்க" என்றார். பெருமை தாங்காமல், அதே ஆஸ்பத்திரியைக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் உலகத்தில் கட்டி, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டாள்.

முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து உள்ளே நடந்தார்கள். ஒருவர் டாக்டர் அறையைத் தேடித் தேடித் துணி அலமாரிக்குள்ளேயே போய் நின்றார். இன்னொருவர், "டாக்டரைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நோயே குணமாயிடுச்சு" என்று எழுதிவிட்டுப் போனார். ஒட்டடை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் சுண்டிவிட்டது. அன்றே நடைவழியை இடித்தாள். மறுபடி கட்டினாள். யாராவது வழி தவறினால் மறுபடி இடித்தாள். பாராட்டு வாங்கியபோது கற்காததையெல்லாம் அந்த இடிபாட்டில் கற்றாள்.

கடைசி வருடம் அதையே தன் பிராஜெக்டாகக் கொண்டுபோனாள். பேராசிரியர் திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"கேம் ஆடுறதுக்கெல்லாம் மார்க் போட முடியாதும்மா. அட்டையில மாடல் செஞ்சு எடுத்துட்டு வா."

செய்தாள். தேர்வு நாளன்று மேசைமேல் வைத்தாள். அவர் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்க."

"இது நீங்க அன்னிக்குச் சுவத்துல ஒட்டுன ஆஸ்பத்திரி சார். நடந்து பாத்தவங்க எல்லாம் தொலைஞ்சு போனாங்க. சரியானது இதுக்குள்ள இருக்கு" என்று, கண்ணில் மாட்டிக்கொண்டு அந்த உலகத்துக்குள் நடக்க உதவும் ஹெட்செட்டை நீட்டினாள்.

"அதிகப்பிரசங்கித்தனமா?" அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

வெளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த அம்மாள் அதை வாங்கி மாட்டிக்கொண்டார். நேராக டாக்டர் அறைக்குப் போனார். திரும்பி வந்து, பார்வையைச் சக்கர நாற்காலி மட்டத்துக்கு இறக்கினார்.

"கவுன்டர் என்ன இவ்வளவு உசரம்? உக்காந்து வர்றவங்களுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னே தெரியாதே."

பேராசிரியர் சிரித்தார். ஒட்டடையின் காது சிவந்தது.

"என் உசரத்துலருந்தே பாத்துட்டேன் மேடம். தப்புதான்." மவுஸை எடுத்து, எல்லோர் கண்முன்னும் கவுன்டரைத் தாழ்த்தினாள். பிறகு பேராசிரியரைப் பார்த்துச் சொன்னாள்: "இங்க இடிச்சா யாருக்கும் அடிபடாது சார். அதனாலதான் இங்க இடிச்சுக் கத்துக்கறேன். சிமென்ட்ல கட்டிட்டு அப்புறம் கத்துக்கறது யாருக்காக?"

வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டால்தான் நல்ல மதிப்பெண் என்று பேராசிரியர் சொல்லியனுப்பினார். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் அப்பா கெஞ்சிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தைதானேம்மா, சொல்லிட்டு வந்துடேன்."

"கவுன்டர் தப்புன்னாங்க, ஒத்துக்கிட்டேன்ல? இதுல நான் என்னப்பா தப்பு பண்ணேன்?"

அப்பா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

வகுப்பில் முதலிடம் எதிர்பார்த்தவளுக்கு வெறும் தேர்ச்சிதான் கிடைத்தது. அழுதாள், மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை முதலாளி அவசரமாக அனுப்பச் சொன்னார்.

"உள்ள நடந்து பாக்காம அனுப்ப மாட்டேன் சார்."

"இங்க யாரும்மா முதலாளி?"

"நீங்கதான் சார். அதான் முதல்ல நீங்க நடங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டவர் கொஞ்ச தூரம் போனார். நின்றார். காற்றில் கையை நீட்டித் துழாவினார்.

"ஏம்மா, பசங்க ஓடி வர்ற வழியில இந்தக் கதவு குறுக்க வந்து திறக்குதே?"

ஒட்டடை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கதவு இருந்த சுவரை இடிக்கத் தொடங்கினாள்.