லியோனிலாவின் வருகைப் பதிவு

எங்கள் துகாங் ஊரில் சாகிறவர்கள்கூட லியோனிலாவிடம் சொல்லிவிட்டுத்தான் சாக வேண்டும் என்று அவள் கணவன் கிரிஸ்புலோ கேலி செய்வான். அந்தக் கேலியில் பாதி உண்மை. ஊரார் கூடிச் செபிக்கும் வியாழக்கிழமை அன்பியக் கூட்டத்துக்கு ஒழுங்காக வந்தவர்கள் என்று அவளுடைய நோட்டு சொன்னால்தான் பங்குக் கோவிலில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் உண்டு, பெண்ணுக்குக் கல்யாணம் உண்டு, கிழவனுக்கு அடக்கப் பூசை உண்டு. வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். வராதவர் பெயருக்கு நேரே அவள் சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதுவாள். காய்ச்சல், மாடு கன்று போட்டது, பேருந்து கிடைக்கவில்லை என்று யார் என்ன சொன்னாலும் அந்தச் சிவப்பு அழியாது. சொந்தத் தங்கை மகனின் கல்யாணத்தையே ஆறு வியாழன் தள்ளிப் போட வைத்தவள் அவள். அந்தத் தங்கை இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை.

ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆற்றங்கரையில் ஒரு துண்டு மக்காச்சோள நிலம், இரண்டு பன்றிகள், மூன்று பிள்ளைகள். மூவரும் பிழைப்புத் தேடித் தூரப் போய்விட்டார்கள். முப்பத்தேழு வயது வரை அவளை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. பழைய உபதேசியார் ஊரை விட்டுப் போனபோது, 'உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது' என்று நோட்டை அவள் கையில் கொடுத்தார். அன்று முதல் பத்தொன்பது வருடம் அவள் ஒரு வியாழனும் தவறவிட்டதில்லை. பதினோரு வருடங்களுக்கு முன்பு வெள்ளம் வந்து ஆற்று வளைவில் இருந்த ஏழு வீடுகளை அள்ளிக்கொண்டு போனதே, அந்த வாரமும் கூட்டம் நடந்தது. அப்போது நோட்டு அவள் தலைமீது, பிளாஸ்டிக் பையில்.

பூசை வைக்கப் பங்குச் சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் மூங்கில் சுவர் வைத்த சிற்றாலயத்தில் நாங்களே கூடுவோம், நாங்களே வாசிப்போம், நாங்களே பாடுவோம். நற்செய்தி வாசித்து, கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து, எந்த வார்த்தை யாரைத் தொட்டது என்று சொல்லி முடித்ததும் கடைசியாக ஒரு கேள்வி வரும். "இந்த வாரம் நாம என்ன செய்யப் போறோம்?"

பத்தொன்பது வருடமாக அதற்கு மூன்றே பதில்கள். செபிப்போம். நோயாளியைப் பார்க்கப் போவோம். கோவிலைச் சுற்றிப் புல் செதுக்குவோம். லியோனிலா அதையும் அழகாக எழுதி வைப்பாள். கோவில் வாசலில் புல் ஒரு விரல் உயரம் வளர்ந்ததில்லை. பசித்தவருக்குச் சோறு போடு, ஒடுக்கப்பட்டவனை விடுவி என்று வாரா வாரம் வாசித்துவிட்டு, நாங்கள் எல்லோரும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு புல்லின்மேல் பாய்ந்தோம். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எவரிஸ்தோ வந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். ஆறு லாரிக்குச் சொந்தக்காரர், பங்குப் பேரவையின் துணைத் தலைவர். திருவிழாவுக்குப் பன்றியும் பேண்டு வாத்தியமும் அவர் செலவு. கண்ணை மூடி அவர் செபமாலை சொல்வதைப் பார்த்தால் மாதாவே இறங்கி வந்து கொஞ்சம் மூச்சு விடச் சொல்வாள் போலிருக்கும். அன்று ஒரு கூடை ரொட்டியும் ஒரு கட்டு நீளத் தாளும் கொண்டுவந்தார்.

"அக்கா, இனிமே நோட்டெல்லாம் வேண்டாமாம். பங்கு ஆபீசுல எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி தாளு வெக்கிறாங்க. நீங்க பேரும் கையெழுத்தும் மட்டும் வாங்கிக் குடுங்க, போதும்."

லியோனிலா தாளைப் புரட்டிப் பார்த்தாள். "மேல தலைப்பே இல்லையே தம்பி?"

"அதை அங்க அச்சடிச்சுக்குவோம்க்கா. ஃபாதருக்குத் தெரியும்."

ஃபாதருக்குத் தெரியும். அதற்குமேல் துகாங்கில் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்!

செப மேசையில் சிலுவைக்குப் பக்கத்தில் தாளை வைத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். முதல் கையெழுத்து அவளுடையது. அன்று வராதவர்கள் ஒன்பது பேர். பங்கு ஆபீசுக்குப் போகும் புதுத் தாளில் முதல் வாரமே சிவப்பு விழ வேண்டாம் என்று நினைத்து, வாழ்க்கையில் முதன்முறையாக இளகி, வீடு வீடாக ஏறி இறங்கினாள். இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் ஒனோராதோ பெரியவரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தினாள். பிறகு ஈரத்துணியால் அந்த விரலைத் துடைத்தும் விட்டாள். மொத்தம் அறுபத்து மூன்று பேர்.

மூன்று வாரம் கழித்து, டவுனில் காய்கறி விற்கும் ப்ருடென்சியா காலிக் கூடையை லியோனிலாவின் முற்றத்தில் விட்டெறிந்தாள்.

"ஏன்டி, எவ்வளவு குடுத்தான் அந்த லாரிக்காரன்?"

"என்ன உளர்றே?"

"நானா உளர்றேன்? நகராட்சி ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்குடி! மலினாவ் ஆத்துல கல்லும் மணலும் எடுக்க துகாங் ஜனங்க மனசார சம்மதிக்கிறோம்னு பெருசா தலைப்பு. கீழ மொதப் பேரு உன்னோடது. ரெண்டாவது என்னோடது. செத்தாலும் நான் அப்படிப் போடுவேனா?"

லியோனிலா பன்றிக்குக் கழனி ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளி கையிலிருந்து நழுவிக் காலிலேயே விழுந்தது. வலி உறைக்கவில்லை. ஊரை ஒட்டிய மலினாவ் ஆற்றின் வளைவில் குவிந்து கிடக்கும் கல்மேடுதான் வெள்ளத்துக்கும் ஊருக்கும் நடுவே மிச்சமிருக்கும் ஒரே தடுப்பு. அதை அள்ளிவிட்டால் அடுத்த மழைக்கு ஏழு வீட்டோடு நிற்காது. அதற்குத்தான் ஊரே கையெழுத்துப் போட்டிருக்கிறது. வாங்கிக் கொடுத்தது அவள்.

"காசு வாங்கியிருந்தாக்கூட பரவாயில்ல போலிருக்கே," என்றான் கிரிஸ்புலோ, அலட்டிக்கொள்ளாமல் சோளம் உரித்தபடி. "ஓசியிலயே ஊரை வித்துட்டே."

அவள் அவனை முறைத்த முறைப்பில் அவன் சோளத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டான். பிறகு அவள் அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை அல்ல. சிலுவையைச் சாட்சிக்கு வைத்து, செபிக்க வந்த ஜனங்களின் கையைப் பிடித்துத் திருடியிருக்கிறான், அதுவும் தன் கையாலேயே திருட வைத்திருக்கிறான் என்ற ஆத்திரத்தில் வந்த அழுகை.

மறுநாள் மோட்டார் சைக்கிள் பின்னால் தொற்றிக்கொண்டு பங்குக் கோவிலுக்குப் போனாள். ஃபாதர் ஜெரார்டோ இளவயதுக்காரர், இருபத்திரண்டு ஊர்களுக்கு ஒரே சாமியார், எப்போதும் தூக்கம் போதாத முகம். மேலே புதுக் கூரை பாதி வேய்ந்திருந்தது. யார் உபயம் என்று கேட்கத் தேவையில்லை.

"உங்க பேரைச் சொல்லித்தான் வாங்கினாரு ஃபாதர்."

"எனக்கு அதைப் பத்தித் தெரியாதும்மா. நீங்க படிச்சுப் பாத்திருக்கணும்."

"படிக்க அதுல என்ன இருந்துச்சு? வெறும் வெள்ளைத் தாளு."

ஃபாதர் நெற்றியைத் தேய்த்தார். "பாருங்க, எவரிஸ்தோ நல்ல மனுஷன். கோவிலுக்கு எவ்வளவோ செய்யறார். ஏதோ தப்பாப் புரிஞ்சிருக்கும். நாம செபிப்போம். கோவிலுக்குள்ள அரசியலக் கொண்டுவர வேண்டாம்."

"கையெழுத்து வாங்கறப்போ அது கோவிலு. திருப்பிக் கேட்டா அரசியலா ஃபாதர்?"

அடுத்த ஊர்ப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்துவிட்டார். நகராட்சி அலுவலகத்திலும் கையை விரித்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணைக் கூட்டமாம். கையெழுத்துப் போட்டவர்கள் தாங்களே நேரில் வந்து மறுத்தால்தான் அந்தச் சம்மதம் ரத்தாகுமாம். இல்லாவிட்டால் அன்றே அனுமதி.

வியாழன் மாலை சிற்றாலயம் நிரம்பி வழிந்தது. சேதி அதற்குள் பரவியிருந்தது. லியோனிலா நோட்டைத் திறக்கவில்லை. முன்னால் வந்து நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பூசி மெழுகவில்லை.

ஒனோராதோவின் மகள் பாசிலிசா எழுந்தாள். "எங்கப்பா கையப் புடிச்சு வெச்சியேக்கா. அந்த மனுஷனுக்குப் பேசக்கூட முடியாது. நீ வந்தேன்னு சந்தோஷப்பட்டாரு."

"ஆமா. நான்தான் வெச்சேன்."

"ஒரு வாரம் வரலைன்னா எங்க கல்யாணத்தையே நிறுத்துவே. உனக்கு யாரு செவப்பு மையில எழுதறது?"

"நீயே எழுது," என்று லியோனிலா பேனாவை நீட்டினாள். பாசிலிசா வாங்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைய வாசகம் எதுவென்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் கடைசிக் கேள்வி வந்தது. பழக்க தோஷத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "செபிப்போம்," என்றது.

"செபிக்கலாம்," என்றாள் லியோனிலா. அவள் குரல் கிறீச்சிட்டது. "நடந்துகிட்டே செபிக்கலாம். பத்தொம்பது வருஷமா புல்லு செதுக்கியாச்சு. நாளைக்குக் காலையில நாலு மணிக்கு எல்லாரும் ரோட்டுல நிக்கணும். வராதவங்க வீட்டு அடக்கத்துக்கு நான் வரமாட்டேன்!"

சிலர் சிரித்தார்கள். மறுநாள் எல்லோரும் வந்தோம். ஒனோராதோவை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். செபமாலை சொல்லிக்கொண்டே பதினான்கு கிலோமீட்டர்.

நகராட்சி மன்ற வாசலில் ஒரு குமாஸ்தா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "மொதல்ல வருகைப் பதிவுல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் உள்ள போகலாம்."

ப்ருடென்சியா மேசையை எட்டிப் பார்த்தாள். "லியோனிலா! அதே தாளுடி!"

அதே நீளத் தாள். மேலே ஒரு விரற்கடை வெற்றிடம். அறுபத்து மூன்று பேரும் ஓரடி பின்னால் நகர்ந்தோம்.

"கையெழுத்து இல்லன்னா நீங்க வந்ததாவே ஆகாது," என்றார் குமாஸ்தா, அலட்சியமாக. "வரலைன்னா பழைய சம்மதம் அப்படியே நிக்கும். எனக்கென்ன?"

பார்த்தீர்களா, எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்! போட்டாலும் அவர்கள் கணக்கு, போடாவிட்டாலும் அவர்கள் கணக்கு. படித்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்த வேலை.

லியோனிலா மேசையைச் சுற்றிப் போய் குமாஸ்தாவின் தோளருகில் நின்றாள். "எந்திரிங்க தம்பி."

"என்னது?"

"எந்திரிங்க. இந்த வேலைய நான் உங்களவிட அதிக நாளாப் பாக்கறேன்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, மனிதர் எழுந்துவிட்டார். அவள் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளின் தலையிலும் இடைவெளியே விடாமல் எழுதினாள்: 'மலினாவ் ஆற்றில் கல்லும் மணலும் எடுக்க நாங்கள் சம்மதிக்கவில்லை. முன்பு எங்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள்.' பிறகு பெயருக்குப் பக்கத்தில் கோடு இழுத்து இன்னொரு கட்டம் போட்டாள். வந்தவர் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தக் கட்டத்தில் தன் கையால் 'முடியாது' என்று எழுத வேண்டும். ஒனோராதோவிடம் குனிந்து மூன்று முறை வாசித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிய பிறகுதான் விரலைத் தொட்டாள்.

உள்ளே துணை மேயர் தாள்களைப் புரட்டினார். குமாஸ்தா தலை குனிந்து நின்றார். "அறுபத்தி மூணு பேரும் மறுத்திருக்காங்க," என்று துணை மேயர் வேண்டா வெறுப்பாகச் சொன்னார். "அப்போ சம்மதம் செல்லாது. இந்த விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யறோம்." நாங்கள் போட்ட கூச்சலில் அவர் பேச்சு அதற்குமேல் கேட்கவில்லை. எவரிஸ்தோ முன்வரிசையில் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு, "சின்ன மனஸ்தாபம், அவ்வளவுதான்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்தவர் ஃபாதர் ஜெரார்டோ.

துணை மேயர், ஃபாதர் இறுதிச் செபம் சொல்லி முடித்து வைப்பார் என்று அறிவித்தார். ஃபாதர் எழுந்து கையைக் கூப்பினார். அதற்குள் லியோனிலா மன்ற மேசையிலிருந்து கடைசித் தாளையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"மொதல்ல கையெழுத்துப் போடுங்க ஃபாதர். வந்திருக்கீங்கல்ல."

ஃபாதர் பேனாவை வாங்கினார். கடைசி வரியில் தன் பெயரை எழுதினார், கையெழுத்தும் போட்டார். பக்கத்துக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எவரிஸ்தோ தொண்டையைச் செருமினார்.

"ஒரு வார்த்தைதான் ஃபாதர்."

"நான் எல்லாருக்கும் பொதுவான ஆளும்மா," என்றார் அவர், கெஞ்சும் குரலில். பேனாவை மூடி அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

லியோனிலா பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளை மன்ற மேசையின்மீது வைத்து நன்றாகத் தேய்த்து நேராக்கினாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்தக் காலிக் கட்டத்தில், எல்லோரும் பார்க்க, நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

வரவில்லை.