பிடுங்க மறந்த கேபிள்

1. நாற்பத்தொரு படிகள்

எங்கள் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்ற நாற்பத்தொரு படிகள் இருந்தன. அவற்றை எழுதியவன், ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் பொறுப்பில் இருந்த நான். லேமினேட் செய்து சுவரில் மாட்டியவனும் நானே. சிடியைப் போடு, காத்திரு, திரை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல், கடைசியில் கையெழுத்திடு. ஒரு மெஷினுக்கு அரை நாள் ஆகும். யாரும் குறை சொன்னதில்லை. வேறு முறையை யாரும் பார்த்ததில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் பெருமாநல்லூர் யூனிட்டின் கம்ப்யூட்டர் பொறுப்புக்குப் பியூலா வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். முதல் வாரமே அவர் அனுப்பிய பழுது அறிக்கையைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். அந்தப் படிவமும் நான் வடிவமைத்ததுதான். ‘காரணம்’ என்று ஒரு கட்டம், ‘மறுபடி நடக்காமலிருக்கச் செய்தது’ என்று இன்னொன்று. இரண்டாவதை அவர் காலியாக விட்டிருந்தார்.

அடுத்த மாதம் அவர் ஒரு பழைய கம்ப்யூட்டரை இன்ஸ்டலேஷன் சர்வராக மாற்றினார். மற்ற மெஷின்கள் ஆன் ஆனதும் நெட்வொர்க் வழியாக அந்த சர்வரைக் கேட்கும். அது முகவரி கொடுக்கும், சிஸ்டத்தையும் அனுப்பிவைக்கும். சிடி வேண்டாம். ஒவ்வொரு மெஷின் முன்பும் நின்று ஒரு வார்த்தை டைப் செய்து என்டர் தட்டினால் போதும். மதியச் சாப்பாட்டுக்கு முன் இருபது மெஷின்களை முடித்துவிட்டார்.

“ஏனுங்க சார்,” என்றார் முதலாளி, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் அத்தனை பேர் முன்னாலும். “அந்தப் புள்ள இருபது மிஷினை ஒரே காலைல முடிச்சுப்போட்டாங்க. நம்ம சுவத்துல இருக்கற அட்டைய என்னங்க பண்றது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பியூலாவிடம் கேட்டு ஹெட் ஆபீஸிலும் அதேபோல் அமைக்கும்படி முதலாளி என்னிடம் சொன்னார். தீபாவளிக்குள் இரண்டு யூனிட்டின் கம்ப்யூட்டர் பிரிவுகளையும் ஒருவர் கீழ் கொண்டுவரப் போவதாகவும் சொன்னார். அந்த ஒருவர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று பதினான்கு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. ஒரு போன்

பியூலாவின் நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. நான் போன் செய்யவில்லை. இன்டர்நெட்டிலிருந்து ஆவணங்களை இறக்கிப் படித்து, நானே சர்வரை அமைத்தேன். அவரைவிட வேகமாகச் செய்ய வேண்டும் என்பதுதான் குறி. அதனால் அவர் வைத்திருந்த அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டேன். என் ஏற்பாட்டில் யாரும் எதையும் டைப் செய்ய வேண்டாம். மெஷின் ஆன் ஆனால் போதும், பழையதை அழித்துவிட்டுப் புதியது தானாக ஏறும். இருபத்திரண்டு மெஷின்களும் காலை டீக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் முடிந்தன.

எல்லா மெஷின்களிலும், ஆன் ஆனதும் சிஸ்டத்தைத் தேடும் வரிசையை ‘முதலில் நெட்வொர்க், அப்புறம் ஹார்ட் டிஸ்க்’ என்று வைத்திருந்தேன். அதைத் திருப்பி மாற்ற இருபத்திரண்டு மேஜைகளுக்குப் போக வேண்டும். அதற்குப் பதிலாக சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாததால் மெஷின்கள் தங்கள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே கிளம்பின. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

3. கரண்ட்

இரண்டு வாரம் கழித்து ஒரு புது மெஷின் வந்தது. அதற்கு சிஸ்டம் ஏற்றக் கேபிளைச் செருகினேன். பிடுங்க மறந்துவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. திருப்பூரில் அது செய்தியல்ல. ஜெனரேட்டர் எடுத்ததும் மெஷின்கள் எல்லாம் மறுபடி ஆன் ஆயின. யுபிஎஸ் இருந்தது சர்வருக்கு மட்டும்தான்.

பேக்கிங் சூப்பர்வைசர் ஈஸ்வரி வாசலில் வந்து நின்றார். “சார், என்ற மிஷின் தானா என்னமோ ஏத்துதுங்க. நான் ஒண்ணுமே தொடலைங்க.”

ஓடிப்போய்க் கேபிளைப் பிடுங்கியபோது பதினைந்து மெஷின்கள் அழிந்திருந்தன. அவற்றில் ஒன்று ஈஸ்வரியுடையது. அன்று மாலை துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டிய கண்டெய்னரின் பேக்கிங் லிஸ்ட் அதில் மட்டும்தான் இருந்தது. பேக்கப் எடுப்பது சனிக்கிழமை; அதுவும் நான் வகுத்த முறை.

முதலாளி பியூலாவை வேன் அனுப்பி வரவழைத்தார். அவர் சர்வரைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார்.

“அந்த வார்த்தைய டைப் பண்ண வைக்கது எதுக்குன்னு நெனச்சீங்க சார்? கரண்ட்டுக்கு டைப் பண்ணத் தெரியாதுல்லா.”

லிஸ்ட்டைத் திரும்ப உருவாக்க ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொரு அட்டைப்பெட்டி மேலும் ஸ்டைல், கலர், சைஸ் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். நானூற்றுச் சொச்சம் பெட்டிகள். ஈஸ்வரி பெட்டிகளைத் திருப்பிக் காட்ட, நான் வாசிக்க, பியூலா டைப் செய்தார். என்னால் அவருடைய வேகத்துக்கு வாசிக்க முடியவில்லை. ஐந்தரை மணிக்கு லாரி கிளம்பியது.

என்ன ஆயிற்று என்று முதலாளி கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன் பியூலா சொன்னார்: “கரண்ட் போய் வந்ததுல போயிருச்சு சார்.”

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும்.

பழுது அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் மின்தடை என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. கரண்ட் போகாமலிருக்க நான் என்ன செய்ய முடியும்? காலியாகவும் விட முடியாது. சிவப்பு மை என் மேஜையில்தான் இருந்தது. மின்தடையை அடித்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டேன்.

தீபாவளிக்கு முன் பியூலா இரண்டு யூனிட்டுக்கும் தலைவரானார். சுவரில் இருந்த என் அட்டையை அவர் தூக்கி எறியவில்லை. நாற்பத்தொரு படிகளை ஆறாகக் குறைத்து, என்னையே எழுதச் சொன்னார். ஆறாவது படி: ‘சர்வர் கேபிளைப் பிடுங்கு.’ ஓய்வு பெறும் நாள் வரை அதன் எதிரில்தான் எனக்கு நாற்காலி.

இன்ஸ்டலேஷன் சர்வர் அமைக்கும் இளையவர்களுக்கு: யாரும் எதையும் தொடாவிட்டால் மெஷின் எப்போதும் தன் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே கிளம்பட்டும். அழிக்கும் வேலைக்கு ஒரு மனிதர் ஒரு வார்த்தையாவது டைப் செய்யட்டும். தெரியாததை, யார் மேல் பொறாமையோ அவருக்கே போன் செய்து கேளுங்கள். பொறாமை அதனால் போகாது, எனக்கு இன்னும் போகவில்லை. மெஷின்கள் பிழைக்கும்.